மஹகஸ்தோட்டை டயரோடு ஹட்டன் மழைக்கு வராதீர்கள்



ஏப்ரல் சீசன் நெருங்குகிறது. நுவரெலியாவில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், அதோடு மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் பந்தயம். 1934இல் தொடங்கிய பந்தயம் அது. அதை நிறுத்தச் சொல்லி இந்தப் பதிவை எழுதவில்லை. மூடிய வீதியில், ஹெல்மெட் போட்டு, கொடி காட்டுகிறவர்கள் நிற்க, ஒரு கார் தனியாக மலை ஏறுகிறது. பார்க்க எங்களுக்கும் ஆசைதான்.

எங்கள் சண்டை வேறு ஆட்களோடு. பந்தயத்துக்கென்று வாங்கிய டயரைக் கழற்றாமல் வருஷம் முழுக்க ஏ7 வீதியில் ஓடுகிறவர்களோடு. பந்தயமே ஓடாமல், பந்தயக்காரனின் டயரை மட்டும் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களோடு. அதை "சேஃப்டி" என்று சொல்லி விற்கிறவர்களோடு.

"சொஃப்ட் டயர் நாநா, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்கிறார்கள். பிடிக்கும்தான். எப்போது பிடிக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

யொகொஹாமா அட்வான் ஏ050, டொயோ ஆர்888ஆர் மாதிரியான செமி ஸ்லிக் டயர்கள் நல்ல சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இறப்பர் சூடேறினால்தான் முழுப் பிடி கொடுக்கும். கட்டுக்குருந்தை மாதிரி ஓர் இடத்தில் சுற்றுச் சுற்றாக அழுத்தி ஓடினால் சூடேறும். ஏப்ரலில் நுவரெலியாவின் காலைக் குளிர் பத்துப் பன்னிரண்டு பாகை. அந்தக் குளிரில் பிள்ளையை வகுப்புக்கு விட்டுவிட்டு, பாண் வாங்கிக்கொண்டு திரும்பும் காரின் டயர் எங்கே சூடேறப் போகிறது?

அடுத்தது தண்ணீர். டயரில் வெட்டியிருக்கும் கோடுகள் அழகுக்கு இல்லை. டயருக்கும் தாருக்கும் நடுவில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளத்தான் அவை. செமி ஸ்லிக்கில் கோடுகள் குறைவு, ஆழமும் குறைவு. காய்ந்த தாரில் அது பலம். மழையில் அதுவே பலவீனம். நாங்கள் இருப்பதோ வட்டவளைக்குப் பக்கத்தில். இலங்கையில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்று அது. ஏப்ரலில் காலையில் வெயில் எறிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். பந்தயம் பார்த்துவிட்டு எல்லோரும் வீடு திரும்புவது அந்தப் பின்னேரத்தில்தான்.

தரம் 10இல் உராய்வு படிப்பிக்கிறோம். அந்தக் கணக்கையே எடுப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம். காய்ந்த சமதரை, உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்தால், பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 12 மீற்றர். மழையில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் 25 மீற்றர். அதே மழையில், பத்துக்கு ஒன்று இறக்கத்தில் வந்தால் 33 மீற்றர். கால் பிரேக்குக்குப் போகும் ஒரு செக்கனுக்கு இன்னும் 14 மீற்றரைக் கூட்டுங்கள். 47 மீற்றர். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் எத்தனை வளைவில் உங்களுக்கு 47 மீற்றர் முன்னால் தெரிகிறது? மூடுபனி இறங்கினால்?

அந்த வளைவுக்கு அப்பால்தான் எங்கள் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். பல தோட்டங்களின் முன்னால் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் வெள்ளைச் சட்டை, கையில் குடை. குடை பிடித்துக் குனிந்து வரும் பிள்ளைக்கு உங்கள் சைலன்சர் சத்தம் கேட்டாலும் ஒதுங்க இடமில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஓட்டம் முக்கியமில்லை, பார்வைதான் முக்கியம். கார் பதிந்து நிற்க வேண்டும், டயர் மெலிந்திருக்க வேண்டும். 195/65ஆர்15 91 என்று எழுதிய டயரைக் கழற்றிவிட்டு 195/50ஆர்15 82 போடுகிறார்கள். அந்தக் கடைசி இலக்கம் சுமைக் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ. நாலு டயருக்கும் சேர்த்து 560 கிலோ தாங்கும் சக்தியைக் காசு கொடுத்துக் குறைக்கிறீர்கள். பிறகு வாப்பா, உம்மா, பிள்ளைகள், சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை இறக்கத்தில் இறங்குகிறீர்கள். டயரின் உயரமும் குறைவதால் கார் தரையிலிருந்து கிட்டத்தட்ட 3 சென்டிமீற்றர் பதியும். எங்கள் தோட்டப் பாதைக் குழிகளுக்கு அந்த 3 சென்டிமீற்றர் பெரிய விஷயம்.

பெரிய சில்லுதான் வேண்டும் என்றால் அதற்கும் முறை உண்டு. அதே காருக்கு 205/55ஆர்16 91வி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். வெளி உயரம் அநேகமாக அதேதான், சுமையும் அதே 615 கிலோ. வி என்பது 240 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்ற குறி. எங்கள் சாதாரண வீதியில் காருக்கு உச்ச வேகம் 70. அதற்கு மேல் எந்த எழுத்தைத் தேடி அலைகிறீர்கள்?

"இது ரோட்டுக்கு அனுமதி உள்ள டயர்தானே" என்று கேட்பார்கள். அனுமதி என்பது ஆகக் குறைந்த எல்லை. பரீட்சையில் 35 புள்ளி எடுத்தால் சித்தி. 35 எடுத்தவரிடம் சத்திரசிகிச்சைக்குப் போவீர்களா?

"எல்லாம் கத்ர்" என்பது கடைசி வாதம். இதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா, றதல்லை குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதியது. வேனில் வந்தவர்களும் ஓட்டோ சாரதியுமாக 7 பேர் மௌத்தானார்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் போனார்கள். 2025 மே 11 அன்று கரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். இவையெல்லாம் டயரால் நடந்தவை என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த மலை பிழையை மன்னிக்காது என்பதை மட்டும் சொல்கிறோம். காவலும் கொடியும் இருந்த பந்தயத் திடலிலேயே அப்படி என்றால், எதுவும் இல்லாத பொது வீதியில் எப்படி இருக்கும்?

ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஜும்ஆவில் இதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! டயரும் கயிறுதான். அதைப் பார்க்காமல் பிஸ்மி சொல்லி வண்டியை எடுப்பது தவக்குல் இல்லை, சோம்பல். காரில் ஏறுகிறவரின் உயிர் அமானிதம். எதிரே நடந்து வருகிறவரின் உயிரும் அமானிதம்தான்.

சரி, ஓட ஆசையுள்ள தம்பிமார் என்ன செய்வது?

காசு இருந்தால் இரண்டு செட் சில்லு வைத்திருங்கள். பந்தய டயர் வேறு லொறியிலோ டிக்கியிலோ போகட்டும். அங்கே மாட்டுங்கள், ஓடுங்கள், கழற்றிவிட்டு வீடு வாருங்கள். உலகம் முழுக்க ஒழுங்காக ஓடுகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு செட்டுக்குத்தான் காசு என்றால், மழையில் நல்ல பேர் எடுத்த வீதி டயரை வாங்குங்கள். டயர் பக்கவாட்டில் ட்ரெட்வெயார் என்று ஓர் இலக்கம் இருக்கும். 200 அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் பந்தயத்துக்குச் சாய்ந்த சரக்கு. 300 பக்கம் வந்தால் பிடியும் உழைப்பும் கலந்த வீதி டயர். அந்த இலக்கத்தைக் கம்பனிகளே தங்கள் டயருக்குப் போடுகின்றன, ஆகவே ஒரு கம்பனியை இன்னொன்றோடு ஒப்பிட அதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த டயரோடு போய் மஹகஸ்தோட்டையில் இரண்டு செக்கன் பிந்தினால் என்ன? வீடு வரும்போது பிந்தினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சுற்றுப் பந்தயத்தில் டயர் சூடேறிக் காற்றழுத்தம் கூடும் என்று காற்றை இறக்குகிறீர்களே, வீட்டுக்குப் புறப்பட முன் திருப்பி அடியுங்கள். டயர் ஆறியதும் அது காற்றுக் குறைந்த டயர்.

இரண்டு டயர்தான் புதிதாக வாங்கினால் பின்னுக்குப் போடுங்கள். முன்னுக்குப் போடுவதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். மழை வளைவில் பின் சில்லு வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிக்க உங்களால் முடியாது.

செகண்ட் ஹேண்ட் பந்தய டயர் மலிவாக வந்தால், டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயது போன இறப்பர் இறுகிப்போன இறப்பர்.

டயர் கடை நாநாமாருக்கு ஒரு வார்த்தை. இருபது வயதுப் பொடியன் வந்து செமி ஸ்லிக் கேட்டால், "எங்கே ஓடப் போகிறாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியால் ஒரு வியாபாரம் போகலாம். ரிஸ்க் தருகிறவன் அல்லாஹ்.

காசு எண்ணிக் கொடுக்கும் வாப்பாமாருக்கும் சொல்கிறோம். மகனுக்குப் பந்தய டயர் வாங்க முன், உங்கள் மகள் போகும் ஸ்கூல் வேனின் டயரைக் குனிந்து பாருங்கள். கோடுகளுக்கு உள்ளே சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். இறப்பர் தேய்ந்து அந்தத் திட்டுகளோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான். அந்த டயர் முடிந்தது. மலை மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது நல்லது. வேன்காரரால் தனியாக முடியாவிட்டால் பெற்றார் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள். அதுவும் ஸதகாதான்.

இந்த வெள்ளிக்கிழமைக்கு முன் எல்லோரும் ஒரு தடவை குனிந்து உங்கள் வண்டியின் நாலு டயரையும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எங்களோடு கொமெண்டில் சண்டை பிடியுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.