மாந்தர் உருவும் மைக்கோலும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், பன்னீர்த் திராட்சைப் பந்தலின் கீழ் கையுயர்த்திக் குலை கொய்யும் பெண்ணொருத்தியை வரைய முற்படும் மாணவர், பெரும்பாலும் ‘தோல் நிறம்’ எனப்படும் இளஞ்சிவப்புப் பென்சிலையே தேடுவர். அது பிழை. அந்நிறம் அப்பெண்ணுக்கு உரியதன்று. வரைபவரின் தாய்க்கும் உரியதன்று. அமெரிக்க நாட்டுக் கிரயோலா நிறுவனமே, ‘தசை நிறம்’ எனத் தான் இட்ட பெயரை 1962 இல் நீக்கிப் ‘பீச்’ என்னும் கனியின் பெயரைச் சூட்டியது. தமிழ்நாட்டுச் சிறார் மட்டும் அதனை விடாது பற்றுவானேன்?

முதற்கண் உருவம் அமைதல் வேண்டும். வண்ணம் தீட்டாத கோட்டுருவைப் ‘புனையா ஓவியம்’ என்றனர் பழந்தமிழர். நெடுநல்வாடை பாடிய நக்கீரர், கணவனைப் பிரிந்து அணிகளைந்திருந்த அரசிக்கு அதனை உவமையாக்கினார். உழைக்கும் பெண்ணின் உயர்ந்த தோளும் நிமிர்ந்த கழுத்தும் அத்தகைய கோடுகளிலேயே புலப்பட்டுவிடும்.

இனி வண்ணம். நீரிற் கரையும் மைப்பென்சில் இதற்கு ஏற்றது. தீட்டிய இடத்தில் நனைந்த தூரிகையை ஓட்டினால், மங்கிய நிறம் ஒளி பெற்றுப் பரவும். முழுதும் கரைந்து காய்ந்தபின் அது மீண்டும் கரைவதில்லை. ஆதலின் காவியின்மேல் பழுப்பையும், பழுப்பின்மேல் சிறிது நீலத்தையும் கலங்காமல் அடுக்கலாம். மாநிறம் இவ்வாறுதான் கைகூடும். வெறுங்கருமையைப் பூசினால் உடல் உயிரற்றுத் தோன்றும். பந்தல் நிழலில் கன்னத்தோரம் இலையின் பசுமையும் படியும். இலையிடுக்கில் விழும் வெயிற்புள்ளிக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைத்தல் வேண்டும். தவறிப் பூசியதைக் கழுவியெடுத்தல் அரிது; எனவே இளநிறமே முந்துக.

வரைந்த தாளைப் பந்தலுக்கு எடுத்துச் சென்று, அப்பெண்ணின் கையருகே வைத்து நோக்குக. இன்னும் ஒரு படி பழுப்பு வேண்டுமா என்பது அங்கே தெரியும்.