ஓய்வுக்குப் பின் ஒரு கடை: பெசன்ட் நகர் குடியிருப்போரின் நிலைப்பாடு

எலியட்ஸ் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களின் பேச்சைக் கொஞ்சம் ஒட்டுக்கேட்டால் போதும். முழங்கால், சர்க்கரை, அமெரிக்காவில் இருக்கும் பேரன் எல்லாம் பேசி முடித்து, ஷ்மிட் நினைவிடத்தைத் தாண்டும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: “பேசாம ஒரு கடை போட்டுடலாம்னு பார்க்கறேன் சார்.” ராஜாஜி பவனில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர், வங்கியில் வி.ஆர்.எஸ். வாங்கியவர், முப்பது வருடம் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தவர் என்று இந்தப் பேட்டையில் அந்த ஆசைக்கு ஆள் பஞ்சமே கிடையாது.

இதில் குடியிருப்போர் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. அடுக்ககங்களில் வீட்டுச் சமையலறையை வைத்துத் தொழில் செய்ய அனுமதி கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. அதே சமையலறைகளைப் பற்றிப் புகார்க் கடிதங்களும் வருகின்றன. இரண்டையும் படித்த பிறகு சங்கம் எடுத்திருக்கும் நிலைப்பாடு இது: தொழில் தொடங்க வயது ஒரு தடையில்லை, அரசும் வங்கியும் அதைத் தடையாக்கக் கூடாது. ஆனால் ஓய்வுக்கால வைப்புத்தொகையை முதலீடாக்கக் கூடாது. முதலாகப் போட வேண்டியது பழகிய கைத்திறனை.

இந்தப் பேச்சு எழுந்தால் யாராவது கே.எஃப்.சி. கர்னல் சாண்டர்ஸை இழுக்காமல் இருப்பதில்லை. 62 வயதில் கோழி வறுத்துக் கோடீஸ்வரர் ஆனாராம். 1952-இல் அவர் தன் செய்முறைக்கு முதல் உரிமக் கிளை கொடுத்தது உண்மைதான். ஆனால் கென்டக்கியில் ஒரு பெட்ரோல் நிலையத்தை ஒட்டி அவர் சாப்பாடு போடத் தொடங்கியது 1930-இல். இருபது வருடம் அடுப்படியில் நின்றவர் அவர். 62-ஆம் வயதில் புதிதாக வந்தது பெயர்ப்பலகை மட்டும்தான்.

நம் ஊர்க் கதைகளும் இதையே சொல்கின்றன. மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைச் சொந்தமாகப் பதிப்பித்தது 1951-இல், தம் 46-ஆவது வயதில். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு அன்றைய சென்னை வைத்திருந்த வேலைப் பட்டியல் மிகச் சின்னது. உறவினரான வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் எழுதச் சொல்லித் தூண்டினார். அம்மாளுக்குப் பதிப்புத் தொழில் புதிது, சாம்பார் புதிதல்ல. 1962-இல் அவர் மறைந்த பிறகும் குடும்பத்தார் அந்தப் புத்தகத்தைத் தொடர்ந்து அச்சிட்டு வந்தார்கள். இன்றைக்கும் கல்யாணச் சீரில் அது மகளோடு போகிறது.

மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதை இன்னும் பெரிது. சங்கத்துக்குக் கொஞ்சம் சங்கடமானதும்கூட. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்கள் அவருடையவை. அந்த விரல்களுக்குக் கண் அறுவையைப் பழக்கியிருந்தார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூடவே நின்றார்கள். பணம் செலுத்த முடிந்தவர் தரும் கட்டணத்தில், முடியாதவருக்கும் சிகிச்சை நடக்க வேண்டும் என்பது கணக்கு. 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸையும் தாங்களே தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், அவர் வீட்டை அடமானம் வைத்துத்தான் தொடங்கினார். ஓய்வுக்காலச் சொத்தைத் தொடாதே என்று சொல்லும் அறிக்கையில் இதை மறைத்துவிட்டுப் போவது நியாயமல்ல. அவர் பணயம் வைத்தது வீட்டை. ஆனால் எந்தத் தொழிலுக்காகப் பணயம் வைத்தாரோ, அது அவர் கால் நூற்றாண்டாகத் தினமும் செய்துவந்தது. அடுப்பை எந்தப் பக்கம் பற்றவைக்க வேண்டும் என்றே தெரியாத ஒருவர் டீக்கடை ஃப்ராஞ்சைஸில் கிராஜுவிட்டியைக் கொட்டுவது அந்த வகையில் சேராது. உள் அலங்காரத்துக்கு ஒரு தொகை, பத்து மாத அட்வான்ஸ், கம்பெனிக்கு ஒரு தொகை என்று முதல் காபி விற்பதற்குள்ளேயே பாதிப் பணம் கரைந்துவிடுகிறது. அதில் திரும்பி வருவது அட்வான்ஸ் ஒன்றுதான், அதுவும் சண்டை போட்டு.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சமாக 30 லட்சம் போடலாம். 8.2 விழுக்காட்டில் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. இ.பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் ஆயிரம் ரூபாய் என்று வைக்கப்பட்டது என்பதை நினைத்தால், தனியார் வேலையிலிருந்து வந்த ஒருவருக்கு இந்த 20,500 என்ன என்று புரியும். அதை உடைத்துக் கடை போடுபவர், கடை மாதம் 20,500 ரூபாய் லாபம் தந்தாலும் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறார். உழைப்பு மட்டும் கூடுதல்.

கோவை அருகே வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை நாடே கொண்டாடியது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா வீடே கட்டிக் கொடுத்தார். பாட்டி செய்தது தர்மம், கும்பிட வேண்டியதுதான். ஆனால் பருப்புப் பொடி விற்கக் கிளம்பும் நம் மாமிகள் அதை விலைக்கு முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று சங்கம் சற்று அழுத்தியே சொல்கிறது. மிளகாய், எண்ணெய், பாட்டில் விலையை எழுதிவிட்டு, தன் நான்கு மணி நேரத்துக்குக் கூலி எழுதாமல் போடும் விலை, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் மானியம்.

இனி அரசின் பக்கம். மாநிலத்தின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பெயரிலேயே ‘இளைஞர்’ என்று வைத்திருக்கிறது. புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்துக்கும் உச்ச வயது உண்டு. 55-ஐத் தாண்டியவருக்கு இரண்டிலும் இடமில்லை. மறுபக்கம், 2025-இல் வந்த கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அனுபவத்துக்கு மதிப்பு உண்டு என்பதை அரசே ஒரு கையால் ஒப்புக்கொள்கிறது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 18 வயது ஆகியிருந்தால் போதும் என்கிறது, மேல் வரம்பு வைக்கவில்லை. அதன் விதிப்படி சென்னையில் 6 லட்ச ரூபாயில் ஊறுகாய்த் தொழில் தொடங்கும் பெண், கைமுதலாக 5 விழுக்காடு, அதாவது 30,000 ரூபாய் போடுகிறார். 25 விழுக்காடு மானியம், ஒன்றரை லட்சம், மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். 61 வயதுக்காரரும் இதைக் கேட்கலாம் என்பது இந்தப் பேட்டையில் பலருக்குத் தெரியாது. வங்கி மேசைக்குப் போனால் வரும் முதல் கேள்வி, கடன் முடியும்போது உங்களுக்கு எத்தனை வயது என்பது.

2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 60 தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு, 2031-இல் இது 18.2 ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். மாநிலத் திட்டங்களின் உச்ச வயதை நீக்க வேண்டும், அல்லது 55-க்கு மேற்பட்டவருக்கு ஐந்து லட்ச ரூபாய்க்குள் தனிப் பிரிவு ஒன்று வைக்க வேண்டும் என்று சங்கம் கோருகிறது. மூன்று வருடத்தில் முடியும் சிறு கடன்களுக்கு வங்கிகள் வயதைப் பார்க்காமல் ஆர்டர் புத்தகத்தைப் பார்க்கட்டும்.

தொடங்குபவர் யாராயிருந்தாலும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்வது நல்லது, காசு கிடையாது. சாப்பாட்டுச் சரக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும். 2011 விதிகள் அதற்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாய். தனி உரிமையாளர் தொழிலில் கடையின் கடனும் வீட்டின் கடனும் ஒன்றுதான் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஒருநபர் கம்பெனி அந்த இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பும், வாரிசு நியமனத்தையும் கட்டாயமாக்கும். வங்கி சொந்த ஜாமீன் கேட்டால் சுவரில் ஓட்டை விழும். அதையும் தெரிந்துகொண்டே போகலாம்.

சங்கம் தன் வீட்டையும் சரிசெய்கிறது. அடுக்ககத்தில் எந்த வணிகமும் கூடாது என்ற பழைய விதியை மாற்றி, வீட்டிலிருப்பவர்களும் ஒரு உதவியாளரும் மட்டும் செய்யும் உணவு, தையல், டியூஷன், கணக்கெழுதும் வேலைகளுக்கு அனுமதி தர வரும் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. வணிக எரிவாயு சிலிண்டர் மாடிப்படியில் இருக்கக் கூடாது, சரக்கு வண்டி வாசலை மறிக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். செயற்குழுவில் இரண்டு பேர் இதை எதிர்த்தார்கள். மிளகாய் வறுக்கும் நெடி ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம் என்பதால், வறுவலைக் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள், ஜன்னலில் புகைபோக்கி மின்விசிறி வைத்தவர் மட்டுமே செய்யலாம் என்று வரைவில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த மின்விசிறியை யார் செலவில் பொருத்துவது என்பது இன்னும் முடிவாகவில்லை.