அலாரம் அடிச்சா போதுமா? எழுந்து வர ஆள் வேணாமா?

1/ வாசலூர்பட்டியில் இன்னைக்குத் தடுப்பூசி முகாம் முடிச்சிட்டு எழுதுறேன். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, படகு இல்லத்துல போட்டோ எடுத்துட்டு, அதை அனுப்ப டவர் தேடி அலைஞ்சவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. அந்த டவரை நம்பித்தான் மலைக் குழந்தைகளோட தடுப்பூசியும் இருக்கு. எப்படின்னு சொல்றேன்.

2/ தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். அதுக்கு ஐஎல்ஆர்னு ஒரு குளிர்பெட்டி. நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே தாங்குற மாதிரி செஞ்சது. அருமையான பெட்டி.

3/ 2015-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ‘இ-வின்’ கொண்டுவந்தாங்க. பெட்டிக்குள்ள ஒரு சென்சார், வெளியே சிம் போட்ட கருவி. வெப்பநிலை எல்லை தாண்டினா பொறுப்பாளர்களுக்கு எஸ்எம்எஸ் போகும். நல்ல திட்டம். என் சண்டை இதோட இல்ல.

4/ சண்டை யாரோடன்னா, “அதான் அலாரம் வெச்சாச்சே”ன்னு தூங்கப் போறவங்களோட.

5/ முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு மலை ஊர். பேர் வேண்டாம். ராத்திரி மழை, கரண்ட் போச்சு. கரண்ட் போனதும் டவரும் படுத்துடுச்சு. காலையில சிக்னல் வந்தப்போ மருந்தாளுநர் போன்ல அத்தனை மெசேஜும் மொத்தமா விழுந்துச்சு. எரியுற வீட்டுக்கு மறுநாள் வந்த தந்தி மாதிரி.

6/ அப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? “உடனே ஏன் நடவடிக்கை எடுக்கல?”ன்னு அவருக்கே மெமோ. ராத்திரி முழுக்க அந்தக் கருவிகிட்ட இருந்து ஒரு தகவலும் வரலயே, யாராவது ஒரு போன் போட்டுக் கேட்டீங்களான்னு மேலே இருக்குறவங்களை யாரும் கேக்கல. தகவல் வராம போறதே பெரிய அலாரம் சார்!

7/ இன்னொரு பக்கம், அடிக்கக்கூடாதப்போ அடிக்கிற அலாரம். புதன்கிழமை தடுப்பூசி நாள். பெட்டியை பத்து தடவை திறந்து மூடுவோம். அதுக்கெல்லாம் கத்தினா அந்த மெசேஜை யார் பார்ப்பா? சைலண்ட்ல போட்டுடுவாங்க. ஐசியுல வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும்.

8/ இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. போபால் யூனியன் கார்பைடுல, விஷ வாயு டேங்க்கைக் குளிர வைக்கிற இயந்திரத்தை 1984 ஜூன்லயே நிறுத்திட்டாங்க. டேங்க் எப்பவும் சூடா இருந்ததால, 11 டிகிரியில அடிக்க வேண்டிய அலாரத்தையும் துண்டிச்சிட்டாங்க. டிசம்பர் 2 ராத்திரி என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

9/ தடுப்பூசி கெட்டா இப்படிச் சத்தமா தெரியாது. அதுதான் பயம். சூடு பட்டா குப்பி மேல இருக்குற விவிஎம் நிறம் மாறிக் காட்டும். ஆனா பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி எல்லாம் உறைஞ்சா வீணாயிடும். உறைஞ்சதை விவிஎம் காட்டாது. அதைச் சொல்றதுக்கு இந்த சென்சார் ரொம்ப முக்கியம்.

10/ இதைப் படிச்சிட்டு ஊசி போடாம இருந்துடாதீங்க. சந்தேகப்பட்ட குப்பியைத் தனியா எடுத்து வெச்சிடுவோம். எங்க கவலை, சந்தேகப்படவே வாய்ப்பில்லாத ராத்திரிகள் பத்தித்தான்.

11/ கேக்குறது நாலே விஷயம். ஒண்ணு, ராத்திரி அலாரத்துக்குப் பேர் போட்டு ஒரு ஆள், அதுக்கு டியூட்டி கணக்கு. ரெண்டு, கால் மணி நேரத்துல யாரும் பதில் சொல்லலைன்னா அடுத்த ஆளுக்கு மெசேஜ் இல்ல, போன் கால். மூணு, தகவல் நின்னு போச்சுன்னா அதையும் அலாரமா எடுக்கணும்; டவர் இல்லாத ஊர்ல நைட் டியூட்டி நர்ஸ் காதுல விழுற மாதிரி ஒரு மணியும் வேணும். நாலு, கெட்டுப்போச்சுன்னு உண்மையைச் சொன்னவருக்கு மெமோ கொடுக்காதீங்க. கொடுத்தா அடுத்த தடவை நோட்டுல எல்லா நாளும் 4 டிகிரின்னுதான் இருக்கும்.

12/ இன்னைக்கு ஒரு அம்மா ஒன்றரை மாசக் குழந்தையைத் தூக்கிட்டு ரொம்ப தூரம் நடந்து வந்தாங்க. “ஊசி நல்லா வேலை செய்யும்ல சார்?”னு கேட்டாங்க. “செய்யும்மா”ன்னு சொன்னேன். நேத்து ராத்திரி பெட்டியைப் போய்ப் பார்த்துட்டு வந்த ஒரு நர்ஸை நம்பித்தான் சொன்னேன். அவங்க லீவு போட்ட அன்னைக்கும் நான் அப்படிச் சொல்ல முடியணும். அவ்வளவுதான்.