மண்ணுக்குள் சுவருக்குக் காய்ச்சல்!

வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். தட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். மண்ணுக்குள் ஆழத்தில் நிற்கும் சுவரில் ஓட்டை இருந்தால்?

2009-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரின் ஆவணக் காப்பகம் திடீரென்று சரிந்தது. அதன் பக்கத்தில் சுரங்க ரெயிலுக்காகப் பள்ளம் தோண்டிக் கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் ஓடி வந்து எச்சரித்தார்கள். காப்பகத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள். பக்கத்து வீடுகளில் இருந்த 2 வாலிபர்கள் மாண்டார்கள். பல நூற்றாண்டு ஆவணங்கள் மண்ணில் புதைந்தன.

காரணம் என்ன? பள்ளத்தைச் சுற்றிக் கட்டிய கான்கிரீட் சுவரில் குறை. தோண்டும்போது குறுக்கிட்ட பாறை அகற்றப்படவில்லை. அங்கே கான்கிரீட்டுக்குப் பதில் மண் நின்றது. அந்த வழியாகத் தண்ணீரும் மணலும் பாய்ந்தன. இது நிபுணர்கள் கண்ட முடிவு.

சேற்றுக்குள் கான்கிரீட்

இந்தச் சுவரை எப்படிக் கட்டுகிறார்கள்? முதலில் குறுகலான, ஆழமான பள்ளம் வெட்டுவார்கள். மண் சரியாமல் இருக்க அதில் களிமண் கரைசலை நிரப்புவார்கள். பிறகு கம்பிக் கூட்டை இறக்குவார்கள். குழாய் வழியாக அடியில் இருந்து கான்கிரீட்டை நிரப்புவார்கள். கரைசல் மேலே வந்துவிடும்.

வராமல் எங்காவது சிக்கிக் கொண்டால்? யார் கண்ணுக்கும் தெரியாது!

சூடு சொல்லும் சேதி

சிமெண்டு தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது சூடேறும். மண் அப்படிச் சூடேறாது. ஆகவே, நல்ல கான்கிரீட் உள்ள இடம் சுடும். மண் சிக்கிய இடம் சூடு குறைந்து இருக்கும்.

கம்பிக் கூட்டிலேயே மெல்லிய கண்ணாடி இழையைக் கட்டி விடுகிறார்கள். அதில் ஒளியைச் செலுத்துகிறார்கள். திரும்பி வரும் ஒளியைக் கொண்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று கணக்கிடுகிறார்கள். பெரிய பள்ளம் தோண்டும் முன்பே சந்தேகமான இடம் தெரிந்துவிடும். அங்கே துளையிட்டுப் பார்த்துச் சரி செய்யலாம்.

சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களும் இத்தகைய சுவர்களுக்கு நடுவில்தான் கட்டப்பட்டன. ஆகவே இது நமக்கும் உரிய பாடம். நெருக்கமான வீடுகளுக்கு அருகே சுவர் எழுப்பும் இடங்களில் எல்லாம் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.

அளந்தால் மட்டும் போதுமா? போதாது. குறை தெரிந்தால் வேலையை நிறுத்தும் துணிவும் வேண்டும். "நாள் தள்ளிப் போகுமே, செலவு கூடுமே" என்று மூடி மறைக்கக் கூடாது. போன நாளை ஈடு கட்டலாம். போன உயிரை மீட்க முடியாது!