ஒரு பெரியம்மாவின் கடிதம்

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நாம் இருமுறை படித்தோம். எழுதியவர் வடபகுதியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. அவருடைய தங்கையார் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற் குடும்பத்துடன் வாழ்கின்றார். தங்கையாரின் மூத்த மகனுக்கு 20 வயது. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயில்கின்றான். வைத்தியனாக வேண்டுமென்பது சிறுவயது முதலே அவன் கொண்ட எண்ணம். மாரிகாலத்து ஒரு சனிக்கிழமை இரவு, சிநேகிதன் வீட்டு விருந்தில் மது அருந்திவிட்டு, இரு தோழர்களையும் ஏற்றிக்கொண்டு மோட்டார்க் காரைச் செலுத்தி வருகையிற் பொலிசார் மறித்தனர். ஊதிப் பார்த்ததிற் பிடிபட்டான். வழக்குப் பதிவாயிற்று.

“ஒருவருக்கும் ஒரு கீறற் காயந்தானும் இல்லை. உறவினரிடம் பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவனோ, எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பேன் என்று நிற்கிறான். தகப்பனார் வாயே திறக்காதே என்கிறார். இனி அவன் டாக்டராக வரலாமா? வரலாமென்றால், இதைச் சொல்லாமல் விட்டால் என்ன?” என்று அம்மையார் கேட்கின்றார்.

முதற் கேள்விக்கு எமது விடை சுருக்கமானது: வரலாம். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு இடமும் வேண்டியிருக்கிறது.

ஆனால் அதற்கு முன், அந்தக் கீறற் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மதுபோதையிற் செலுத்தப்பட்ட வாகனங்களால் அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 13,000 பேருக்கு மேல் மாண்டனர். அன்றிரவு அந்தக் காரில் இருந்த மூவரும் வீடு திரும்பியமை பையனுடைய நிதானத்தின் பயனன்று, தெருவின் தயவு. அம்மையாரை நோகடிப்பதற்காக இதை எழுதவில்லை. நாளை வைத்தியக் கல்லூரியிலே அவனை நேரிற் கண்டு விசாரிக்கும் பேராசிரியரும் அவ்வாறே எண்ணுவார் என்பதற்காகவே சொல்கிறோம்.

“இரண்டு பியர்தானே” என்ற பேச்சும் அங்கே செல்லாது. ஒரு போத்தல் பியரிலும், ஒரு சிறு கிளாஸ் வைனிலும், ஓர் அளவு விஸ்கியிலும் உள்ள மதுசாரம் ஏறக்குறைய ஒன்றே, 14 கிராம். வளர்ந்தோருக்கு இரத்தத்தில் 0.08 சதவீதமே அந்நாட்டின் பொது எல்லை. யூற்றா மாநிலத்தில் மட்டும் 2018ஆம் ஆண்டின் முடிவிலிருந்து 0.05. ஆனால் 21 வயது நிரம்பாதோருக்கு எல்லா மாநிலங்களிலும் ஏறக்குறையச் சூனியமே எல்லையாகும். பென்சில்வேனியாவில் அது 0.02. ஈரலோ மணிக்கு ஏறக்குறைய 0.015 வீதமே மதுசாரத்தை அகற்றும். நள்ளிரவில் 0.12 இருந்தவனுக்கு இரத்தம் முற்றாகத் தெளியக் காலை எட்டு மணியாகும். கோப்பியும் தேசிக்காய்த் தண்ணீரும் குளிர்நீர் முழுக்கும் அவனை விழித்திருக்கச் செய்யலாம். ஈரலை அவசரப்படுத்த மாட்டா. இந்தியானா மாநிலப் பொலிஸிற் கடமையாற்றிய றொபேட் போர்க்கென்ஸ்டைன் 1954இல் ஊதற் கருவியை அமைத்த நாள் முதலாக, இதைப் பற்றி வாதாடுவதற்கு இடம் சுருங்கிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். குற்றச்சாட்டு வேறு, குற்றத்தீர்ப்பு வேறு. எம்மவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி அழுவதும் உண்டு, ஒன்றாக்கி மறைப்பதும் உண்டு. பென்சில்வேனியாவில் முதன்முறையாக அகப்பட்டோருக்கு, ஒருவருக்கும் காயமேற்படாவிடின், ‘ஏ.ஆர்.டி.’ என்னும் ஒரு திட்டத்திற் சேர வாய்ப்புக் கிடைக்கக்கூடும். அது உரிமையன்று, அரசாங்கத் தரப்புச் சட்டத்தரணியின் விருப்பத்தைப் பொறுத்தது. சேர்ந்தவன் சிலகாலம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், பாதுகாப்பாக வாகனம் செலுத்துதல் பற்றிய வகுப்புக்குச் செல்ல வேண்டும், மதுப்பழக்கம் உண்டா என்று பரிசோதிக்கப்படுவான், கட்டணமும் உண்டு. அவன் வயதினர் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் சிலகாலம் இழப்பர். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் வழக்குத் தள்ளுபடியாகும்; பதிவை அழிக்குமாறும் கேட்கலாம். ஆயினும் போக்குவரத்துத் திணைக்களம் தன் ஏட்டில் அதைப் 10 வருடங்களுக்கு வைத்திருக்கும். டெலவெயர் ஆற்றைக் கடந்து நியூ ஜேர்சிக்குட் சென்றால், இதே செயல் குற்றவியற் குற்றமன்று, வீதிப் போக்குவரத்துக் குற்றமே; ஆனால் அங்கே பதிவை அழிக்க வழியில்லை. ஒரு மாநிலத்து மாமனார் சொல்லும் புத்திமதி மற்றொரு மாநிலத்து மருமகனுக்கு உதவாதென்பது இதனால் விளங்கும். அவ்வூர்ச் சட்டத்தரணி ஒருவரைக் குடும்பத்தார் இன்னும் அமர்த்தவில்லையாயின், இப்பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யட்டும்.

அந்நாட்டில் வைத்தியக் கல்வி, நான்கு வருடப் பட்டப்படிப்பின் பின்னரே ஆரம்பிக்கும். எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளுட் பெரும்பாலானவை, அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் ‘அம்காஸ்’ என்ற ஒரே படிவத்தின் மூலம் விண்ணப்பங்களை ஏற்கின்றன. அதிற் குற்றங்களைப் பற்றிய கேள்விகளும் உண்டு. குற்றத்தீர்ப்புப் பெற்றீரா, குற்றத்தை ஒப்புக்கொண்டீரா என்பதே அங்குள்ள வினா. நீதிமன்றம் அழித்துவிட்ட தீர்ப்பை எழுதுமாறு அது கேட்பதில்லை. ஆகவே, தகப்பனாரை நாம் முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. வழக்கு முடியும் விதத்தைப் பொறுத்து, அந்த ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்பதே உண்மையான விடையாகவும் இருக்கலாம்.

ஆனால் கேள்வி ஒன்றோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென இரண்டாம் படிவம் ஒன்றை அனுப்பும். சிலவற்றில், கைது செய்யப்பட்டீரா என்றே கேட்டிருப்பர். பல்கலைக்கழகம் அவனை ஒழுக்க விசாரணைக்கு உட்படுத்தித் தண்டித்திருந்தால், அது தனியான கேள்வி. விண்ணப்பித்த பின்னர்த் தீர்ப்பு வந்தால், 10 வேலை நாட்களுக்குள் கல்லூரிகளுக்கு அறிவிக்க வேண்டுமென்ற விதியும் உண்டு. வருடத்துக்கு வருடம் படிவத்தின் சொற்கள் மாறுவதால், அவன் அவ்வருடத்துக் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படித்து, சட்டத்தரணியிடமும் காட்டி, கேட்டதற்கு மட்டும் முழு விடை எழுத வேண்டும். கேளாததை வலிந்து எழுதி அழ வேண்டியதில்லை. கேட்டதை விழுங்கவும் கூடாது.

இடம் கிடைத்த பின்புதான், பெரும்பாலான கல்லூரிகள் மாணவனுடைய பழைய வரலாற்றை நீதிமன்ற ஏடுகளிலே தேடுவிக்கின்றன. அவன் முன்னரே எழுதிய ஒரு பழைய வழக்கு அப்போது வெளிவந்தால், அதனாற் பெரும் தீங்கில்லை. ‘இல்லை’ என்று அவன் எழுதிய இடத்தில் அது வெளிவருமாயின், கொடுத்த இடத்தையே திருப்பி எடுத்துக்கொள்வர். அப்போது அவன் மது அருந்திய பையனாக அன்றி, பொய் எழுதிய பையனாகவே அவர்கள் முன் நிற்பான். இரவு இரண்டு மணிக்கு நோயாளிக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து கொடுத்தேனென்று வைத்தியன் எழுதிவைத்தால், காலையில் வருபவர் அவ்வெழுத்தை நம்பியே அடுத்த மருந்தைக் கொடுக்கின்றார். தவறிக் கூடக் கொடுத்திருந்தால், அதையும் அவ்வாறே எழுதுவானா? கல்லூரியார் அறிய விரும்புவது அதுவே.

விளக்கம் எழுதுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். பொலிசார் அநியாயம் செய்தனர், தோழர் வற்புறுத்தினர், குளிர் அதிகம் என்பவை வேண்டாம். என்ன நடந்தது, தான் செய்தது என்ன, அதன் பின் எப்படி நடந்துகொண்டான் என்று அவனே சில வரிகளில் எழுதட்டும். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த வசனம் எங்கும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் நாம் காணாததா! சம்பவத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே ஒரு வருடம் கூடுதலாகச் செல்லுமாயின், அது அவனுக்கு நன்மையே. இரண்டாம் முறை அகப்பட்டால் கதை வேறு: அதைப் பிழையென்று கொள்ளார், நோயென்று ஐயுறுவர்.

பட்டம் பெற்று வைத்தியத் தொழிலுக்கு அனுமதி கேட்கும்போதும் கேள்விகள் வரும். சில மாநிலங்களின் வைத்திய சபைகள் கைதைப் பற்றியும், அழிக்கப்பட்ட பதிவைப் பற்றியுங்கூட வினவுகின்றன. அன்றைக்கு எழுதும் விடை இன்றைக்கு எழுதுவதோடு ஒத்திருக்க வேண்டுமாதலால், வழக்கின் கடிதம் ஒவ்வொன்றையும் அவன் பத்திரப்படுத்த வேண்டும்.

இங்கிருந்து மாணவ விசாவிற் சென்ற பிள்ளைகளின் பெற்றாருக்கும் ஒரு செய்தி. மதுபோதையில் வாகனம் செலுத்திக் கைதானவரின் விசாவை, தீர்ப்பு வருமுன்னரே இரத்துச் செய்யும் வழக்கத்தை அமெரிக்க அரசாங்கம் 2015 முதல் மேற்கொண்டது. அந்நாட்டிற் பிறந்த பையனுக்கு இந்த அச்சமில்லை. அவனுடைய விருந்துக்குச் செல்லும் எமது பிள்ளைக்கு உண்டு.

அம்மையீர், உறவினருக்குச் சொன்ன காய்ச்சல் அப்படியே இருக்கட்டும். அவர்களுக்குக் கணக்குச் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவரல்லர். ஆனால் தகப்பனாருக்கு எழுதும்போது, பையன் சொல்வதிலும் நியாயம் உண்டென்று ஒரு வரி எழுதுங்கள். இன்னொன்று. காரில் இருந்த அந்த இரு தோழர்களின் தாய்மாரை அவன் கண்டு பேசினானா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பேசவில்லையாயின், கல்லூரிப் படிவம் கைக்கு வருமுன் அவ்விரு வீட்டுக்கும் ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள்.