ஓரிரவு விளக்கவிப்போமாக

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 13-ஆம் நாள் இரவு, மிதுன ராசியின் திசையினின்று எரிமீன்கள் சொரிகின்றன. 1983-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட பேத்தான் என்னும் சிறுகோள் தன் வழியிற் சிந்திய துகள்களே, விநாடிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் விரைவில் நம் காற்றுமண்டலத்துட் புகுந்து எரிகின்றன. பின்னிரவு இரண்டு மணியளவிற் புனர்பூச மீன்கள் உச்சியை அணுகுங்கால் காட்சி மிகும். தெளிந்த இருளில் மணிக்கு நூற்றுக்கு மேலும் காணலாகும் என்பர் வானநூலார்.

இக்காட்சிக்குப் பகை மூன்று: முகில், நிலவு, விளக்கு. பருவமழை முகிலை விலக்க நம்மால் இயலாது. 2024-ஆம் ஆண்டிற் பௌர்ணமி டிசம்பர் 15-இல் வந்து காட்சியைக் கெடுத்தது. அதுவும் நம் ஆணைக்கு அடங்குவதன்று. மூன்றாம் பகையோ நாமே வளர்த்தது.

2023-ஆம் ஆண்டில் அமாவாசையை அடுத்து அவ்விரவு வாய்த்தது. நண்பர் நால்வேம் விடுதி மாடியிற் படுத்திருந்தேம். ஆடுகளத்துப் பெருவிளக்குகள் எரிந்தமையால் அரைமணி நேரத்திற் கண்டவை மூன்றே. பின்னர் எதிர்பாராது மின்சாரம் அற்றது. கண் இருளிற் பழக இருபது நிமிடமாயிற்று. அதன்பின் அரைமணியிற் பதினான்கு எண்ணினேம். மின்சாரம் மீண்டபொழுது கீழே ஆரவாரம் எழுந்தது. மாடியில் எவரும் வாய் திறந்திலேம்.

வானினின்று மீன் வீழக் கண்டு, சேர மன்னனுக்குத் தீங்கு நேருமென்று அஞ்சிய கூடலூர் கிழாரின் பாட்டு, புறநானூற்றில் 229-ஆவதாக உள்ளது. அதனை விளக்கடியில் உருப்போடும் நம்முள் மீன் வீழக் கண்டார் எத்துணையர்? அவருடைய அச்சம் நமக்கு வேண்டா. அவர் கண்ட வானமேனும் வேண்டாவோ? காணாத பொருளுக்கு உரையெழுதுதல் கல்வியாகுமோ?

இருளிற் கள்வரும் பாம்பும் வருமே எனச் சிலர் தடை கூறுவர். வாயில் விளக்கும் படிக்கட்டு விளக்கும் எரிக. ஆடுகளத்து விளக்குகளையும் அறை விளக்குகளையுமே, ஆண்டில் ஓரிரவு, ஒரு மணி முதல் நான்கு மணி வரை அவிக்க வேண்டுகின்றேம். லடாக்கில் ஹான்லேயைச் சூழ்ந்த நிலப்பகுதி 2022-ஆம் ஆண்டில் இருள்வான் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. அங்குள்ளார் தம் விளக்கொளி வான்நோக்கிச் செல்லாதவாறு நாள்தோறும் மறைக்கின்றனர். அவர் நாள்தோறும் செய்வதனை நாம் மூன்று மணி நேரம் செய்தல் அரிதன்று.

தொலைநோக்கி வேண்டா, செலவும் இல்லை. ஒரு பாயும், பொறுமையும், விடுதித் தலைவரின் இசைவும் போதும். முதலிரண்டும் மாணவரிடம் உள. மூன்றாவதனையே இக்கட்டுரை வாயிலாக வேண்டுகின்றேன்.