மிளகு விலையில் உப்பு

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் நம் வீட்டு ஆண்மக்களில் பலர் அதைப் பழமொழியாக விட்டுவைக்கவில்லை, சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ரசத்தில் உப்புக் கரித்தாலாவது இன்னும் கொஞ்சம் சாதத்தைச் சேர்த்துப் பிசைந்து சமாளித்துக்கொள்வார்கள். ஒரு சிட்டிகை குறைந்துவிட்டாலோ, இலைக்கு முன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! சமைக்கிறவள் என்ன செய்வாள்? குறைந்து போய்விடுமோ என்கிற பயத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை கூடவே போட்டுவிடுகிறாள். பயத்தினால் போட்ட இந்தச் சிட்டிகைகளை இருபது முப்பது வருஷம் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் டாக்டரிடம் போய்க் கையை நீட்டுகிறார் வீட்டுக்காரர். "ரத்தக் கொதிப்பு இருக்கிறது. உப்பைக் குறையுங்கள்" என்கிறார் டாக்டர்.

அன்று மாலையே கடைக்குப் போகிறார் மனிதர். எதற்கு? உப்பைக் குறைப்பதற்காக ஒரு டப்பா வாங்க! "சோடியம் குறைந்தது", "இருதயத்துக்கு இதமானது" என்றெல்லாம் எழுதி, பச்சை இலையும் சிவப்பு இருதயமும் படம் போட்ட மசாலாப் பொடிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. இந்த டப்பாக்களோடுதான் எனக்குச் சண்டை. உப்பைக் குறைப்பது கையை இழுத்துப் பிடிக்கிற காரியம். அதைக் காசு கொடுத்து வாங்குகிற காரியமாக மாற்றிவிட்டார்களே, அதுதான் என் கோபம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வயது வந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி அளவுதான். உப்பில் சுமார் நாற்பது சதவிகிதம் சோடியம். ஆக 5 கிராம் உப்பில் 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் சோடியத்தைத்தான் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் கணக்கு வந்துவிடும். 100 கிராம் பொடியில் சோடியம் 4,000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதில் 10 கிராம் வெறும் உப்பு என்று அர்த்தம். பத்தில் ஒரு பங்கு உப்பை மிளகு விலைக்கும் சீரக விலைக்கும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்புக்கு வரி கொடுக்க மாட்டோம் என்று அடிபட்ட தேசம் இது!

அந்த டப்பாவில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. "குறைந்தது" என்பது வேறு, "குறைக்கப்பட்டது" என்பது வேறு. சர்வதேச உணவு விதிகளின்படி, "சோடியம் குறைந்தது" என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராம் பண்டத்தில் 120 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கக் கூடாது. "குறைக்கப்பட்டது" என்பதற்கோ, அதே மாதிரியான வேறொரு சரக்கைவிடக் கால் பங்கு குறைவாக இருந்தால் போதும். அண்ணன் மகா குடிகாரன். தம்பி அவன் குடிப்பதில் முக்கால்வாசிதான் குடிக்கிறான் என்பதற்காகத் தம்பிக்கு மதுவிலக்குப் பிரசாரகர் பட்டம் கொடுப்பீர்களா?

அடுத்தது இந்துப்பு. கடல் உப்புதான் கெடுதல், மலையில் வெட்டி எடுத்தது மருந்து என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். ரோஜா நிறமாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். ரத்தக் குழாய்க்கு நிறம் தெரியாது. போதாக்குறைக்கு, கடையில் விற்கிற அயோடின் உப்பைத் தள்ளிவிட்டு இதற்கு மாறுகிறவர்கள் அயோடினையும் இழக்கிறார்கள்.

மூன்றாவது, சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்த உப்பு. இதைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இது வேலை செய்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து ஏறக்குறைய ஐந்து வருஷம் பரீட்சை நடத்தினார்கள். முன்பே பக்கவாதம் வந்தவர்களும், ரத்தக் கொதிப்புள்ள, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுமே அவர்கள். பாதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்த கலவையைக் கொடுத்தார்கள். அங்கே பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வெளியாயிற்று. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னது. ஆனால் அதே மூச்சில், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்த யோசனை பொருந்தாது என்றும் சொல்லியிருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் உடம்பில் தங்கி இருதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கிறவை. ஆகவே டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். கேட்டு வாங்கினாலும், "உப்புக் கம்மிதானே" என்று ஒன்றுக்கு ஒன்றரை கரண்டி போட்டால் பழைய கணக்கையும் தாண்டிவிடும்.

சரி, வேறு என்னதான் செய்வது என்கிறீர்களா? பாட்டியின் சாம்பார்ப் பொடி ஜாடியைத் திறந்து பாருங்கள். மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, வெந்தயம், மஞ்சள். இதில் உப்பு எங்கே? உப்பைக் குழம்பில் போட்டார்களே தவிர, பொடியில் போடவில்லை. கடைப் பொடிகள் பலவற்றில் உப்பு முன்பே கலந்திருக்கிறது. அது தெரியாமல் வழக்கமான உப்பையும் போடுகிறவள் இரண்டு முறை உப்பிடுகிறாள்.

கறிக்கும் கூட்டுக்கும் ஒரு பொடி சொல்கிறேன். நாலு கரண்டி மல்லி, இரண்டு கரண்டி கடலைப்பருப்பு, ஒரு கரண்டி எள், மிளகும் சீரகமும் ஒவ்வொரு கரண்டி, நாலைந்து மிளகாய், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, சிறிது பெருங்காயம். எண்ணெய் விடாமல் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு, கொரகொரப்பாகப் பொடித்து, காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். பத்து நாளைக்கு மேல் செய்து வைக்க வேண்டாம். வாசனை போய்விட்டால் கை மறுபடி உப்பைத்தான் தேடும். கறியை இறக்குகிற சமயத்தில் இதைத் தூவி, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புளிப்பு இருக்கிற இடத்தில் கொஞ்ச உப்பே நிறையத் தெரியும். அந்தக் கொஞ்சத்தையும் கையால் அள்ளாமல் கரண்டியால் அளந்து, கடைசியில் போடுங்கள்.

ஊறுகாயில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் வேண்டாம். அங்கே உப்பு ருசிக்காக மட்டும் இல்லை. கெடாமல் காப்பதும் அதுதான். உப்பைக் குறைத்துப் போட்ட ஊறுகாய் பூசணம் பிடிக்கும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றில் குறைக்க வேண்டியது துண்டுகளின் எண்ணிக்கையைத்தான்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான இடம் வேறு. டாக்டர் சொன்ன மறுநாளே வீட்டில் இரண்டு சாம்பார் கொதிக்க ஆரம்பிக்கிறது: "அவருக்கு" ஒன்று, "மற்றவர்களுக்கு" ஒன்று. அவர் ஜாதிப்பிரஷ்டம் செய்யப்பட்டவர்போல் உட்கார்ந்து, பக்கத்து இலையை ஏக்கத்தோடு பார்க்கிறார். அவளுக்கோ இரட்டை வேலை. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அந்த 5 கிராம் நோயாளிக்கு மட்டும் விதித்த தண்டனை அல்லவே. வயது வந்த எல்லோருக்கும் அதுதான் எல்லை. குழந்தைகளுக்கு அதிலும் குறைவு. வீடு முழுவதும் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு ஹோட்டல் சாம்பார்தான் கரிக்கும்.

"எங்கள் தாத்தா உப்பை அள்ளித் தின்று தொண்ணூறு வயது இருந்தார்" என்று ஒருவர் எழுந்திருப்பார். இருந்திருக்கலாம். ஐம்பத்தைந்தில் வாய் கோணி, கை விழுந்து போன தாத்தாக்களின் பேரன்மார் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை, அவ்வளவுதான்.

டப்பா வாங்கப் புறப்படுகிற கனவான்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு பென்சிலை எடுத்து, புது உப்புப் பாக்கெட்டின் மேல் அதைப் பிரித்த தேதியை எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் நாலு பேர் என்றால், ஆளுக்கு 5 கிராம் வீதம் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். ஊறுகாயும் ஹோட்டல் சாப்பாடும் சேர்ந்தால் இன்னும் அதிக நாள் வர வேண்டும். முப்பதாம் நாளே பாக்கெட் காலியானால் அடுக்களைப் பக்கம் திரும்பி அதட்டாதீர்கள். நேற்று ரசத்துக்கு முகத்தைச் சுளித்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.